இமை தெரிகிற தூரம்

வில்லைத் தொட்டதற்கு வீரம் ஒரு காரணமில்லை. துவக்கு வாங்கப் பயம், அவ்வளவுதான். அகதி விண்ணப்பம் போட்டு இரண்டாவது வருசம் ஓடிக்கொண்டிருந்தது. விசாரணைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று கடவுளுக்கும் தெரியாது. துவக்குக்கு அனுமதி கேட்டு ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்தால் அது எந்த மேசைக்குப் போகும், அங்கே இருப்பவன் என்ன நினைப்பான்? இலங்கைத் தமிழன், முப்பத்திரண்டு வயது, துவக்குக் கேட்கிறான். வேறு வினை வேண்டுமா? ஆகவே வில்.

வேட்டைக்கு ஏன் போனாய் என்று கேட்டால், அத்தானுக்காகப் போனேன். அத்தான் என்பது என் அக்காவின் புருசன். எனக்கு முன்னதாக மொன்ட்ரியாலுக்கு வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வீடு பிடித்து, பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டவர். எங்களோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மட்டக்களப்பு அண்ணை. ஒரு கிரேக்கனுடைய சாப்பாட்டுக்கடையில் வெங்காயம் வெட்டுபவர், வீட்டுச் சமையலும் அவர்தான். மற்றவர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த வாத்தியார். அதே கடையில் கோப்பை கழுவினார். அக்கா முல்லைத்தீவுப் பக்கம் ஊரிலேயே நின்றுவிட்டாள். அத்தானுக்குக் காகிதம் சரிவந்ததும் கூப்பிடுவதாக இருந்தது.

ஆவணி மாதம் ஒரு கடிதம் வந்தது. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருந்தார். ஆமி வந்த அன்று சனம் காட்டுக்குள் ஓடியதாம். ஓடும்போது அக்காவுக்குச் சூடு பட்டதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவள் விழவில்லை, ஓடினாள். இரண்டு நாள் கழித்துத்தான் தேடிப் போக முடிந்தது. ஒற்றையடிப் பாதையில் கொஞ்சத் தூரம் இரத்தம் இருந்தது, பிறகு இல்லை. உடம்பு கிடைக்கவில்லை.

அத்தானின் கண்ணாடி உடைந்திருந்தபடியால் கடிதத்தை நான்தான் உரத்து வாசித்தேன். கடைசி வரியை வாசித்த கையோடு, ஒரு கணமும் யோசியாமல், என் வாய் திறந்துகொண்டது. "உடம்பு கிடைக்கேல்லை எண்டா ஆள் இருக்கிறா எண்டுதானே அத்தான் அர்த்தம். எங்கையாவது ஒரு வீட்டிலை படுத்திருப்பா. கடிதம் போட வழி இருந்திராது." என் வாய் எப்போதும் அப்படித்தான். எங்கே ஒரு அமைதி வந்தாலும் எதையாவது போட்டு அடைக்கப் பார்க்கும். சொன்ன பிறகு நானும் அதை நம்பத் தொடங்கினேன். அவள் என்னைத் தூக்கி வளர்த்த அக்கா, நம்பாமல் என்ன செய்வேன்?

அத்தான் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பின்னேரத்தில் அலுவலகங்கள் துடைக்கிற வேலை, பகலில் வீட்டில்தான் நிற்பார். தபால்காரன் பதினொரு மணிக்கு வருவான். கீழே கதவடியில் இருந்த தகரப் பெட்டிகளின் சத்தம் கேட்டதும் செருப்பைக் கொழுவிக்கொண்டு இறங்குவார், வெறுங்கையோடு ஏறுவார். சாப்பாட்டை விட்டுவிட்டார். பிளேன்ரீ, ஒரு துண்டுப் பாண், அதற்குமேல் தொண்டைக்குள் இறங்காது. புரட்டாதி முடிய முன்னம் காற்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டவேண்டி வந்தது. மட்டக்களப்பு அண்ணை கணவாய், இறால், கத்தரிக்காய்ப் பால்கறி என்று தன் வித்தை எல்லாவற்றையும் காட்டிப் பார்த்தார்.

"ஒரு வாய் கா. எனக்காக ஒரு வாய்," என்று தன் ஊர்க் 'கா' போட்டுக் கெஞ்சுவார்.

"அவ பசியோடை எங்கை கிடக்கிறாவோ. நான் இஞ்சை இருந்து வெட்டி விழுங்குறதோ? கடிதம் வரட்டும், சாப்பிடுறன்."

அத்தான் அப்படிச் சொல்லும்போது அந்த இரண்டு பேரும் என்னைத்தான் பார்ப்பார்கள். கடிதம் வரும் என்று சொன்னவன் நான் அல்லவா. நான் கோப்பையை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போய்விடுவேன்.

எனக்கு வேலை லாசாலில், பிளாஸ்டிக் வாளி வார்க்கும் தொழிற்சாலையில். போர்மன் ஒரு பிரெஞ்சுக்காரன், என்னைவிட நாலைந்து வயது இளையவன், சிவந்த தாடி. அவனுக்கு இங்கிலிஷ் அரைகுறை, எனக்கு பிரெஞ்சில் பொன்ஜூரும் மெர்சியும். ஆனாலும் எங்களுக்குள் கதை நடக்கும். ஒருநாள் தன் அலுமாரிக் கதவில் ஒரு மான் படத்தை ஒட்டினான். அவனுடைய கராஜில் தலைகீழாகத் தொங்கிய மான். போன வருசம் வில்லால் அடித்ததாம். வீட்டில் கதைக்க ஒன்றும் இல்லாமல் இருந்த காலம் அது. சோற்றுக்கு முன்னால் இருந்துகொண்டு அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"ஈரலைத் தண்ணியிலை கழுவக்கூடாது," என்றார் அத்தான்.

மூன்று பேரும் கையில் எடுத்த சோற்றோடு அவரைத் திரும்பிப் பார்த்தோம். கேளாமல் அவர் வாய் திறந்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னம் அவர் முல்லைத்தீவுக் காடுகளில் வேட்டைக்குப் போனவர் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. அன்றைக்கு ஒரு மணித்தியாலம் கதைத்தார். காற்று எந்தப் பக்கத்தால் வரவேண்டும், குளக்கரையில் பரண் எங்கே கட்டவேண்டும், எவ்வளவு கிட்ட வர விடவேண்டும்.

"எத்தினை அடி தூரம் எண்டு அளக்கிறேல்லை. அது கண் இமைக்கிறது உனக்குத் தெரியோணும். இமை தெரிஞ்சா அடிக்கலாம். தெரியேல்லையோ, பேசாமல் இரு. போனால் போகட்டும்."

"மான் ஈரல் கொண்டந்தா சாப்பிடுவியளோ?" என்று கேட்டுவிட்டேன். பார்த்தீர்களா, மறுபடியும் வாய்.

அவர் தன் கோப்பையைப் பார்த்தார். "ஒரு வாய் பாப்பன். கொக்காவுக்கும் அதெண்டா உயிர்," என்றார். கொக்கா என்றது என் அக்காவைத்தான்.

அதற்குப் பிறகு நான் மனிசனாக இருக்கவில்லை. போர்மனின் காலில் விழாத குறை. அவன் முதலில் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். ஒரு தேவாலயத்தின் நிலவறையில் வில் வேட்டைக்கு வகுப்பு நடந்தது. போர்மன் எனக்குப் பக்கத்தில் இருந்து, வகுப்பில் சொன்னதைக் காதுக்குள் இங்கிலிஷில் சொன்னான், படிவங்களையும் அவனே நிரப்பினான், தன் பழைய வில்லையும் தந்தான். இரண்டு நுனியிலும் சக்கரம்போலச் சில்லு வைத்த வில். முதல்நாள் நாணை இழுத்துவிட்டுத் தோள்மூட்டுக் கழன்றுவிட்டதென்று நினைத்தேன்.

வேலை முடிந்ததும் அவன் வீட்டுப் பின்வளவில் பயிற்சி. வைக்கோல் கட்டில் தொழிற்சாலைக் கழிவு மூடி ஒன்றைக் குத்துவான். சின்ன வாளி மூடி. மானின் நெஞ்சுக்குள் இருதயமும் சுவாசப்பையும் இருக்கிற இடம் அவ்வளவுதான் என்றான். பத்துக் காலடியில் நின்று ஐந்து அம்பு. ஐந்தும் மூடிக்குள் விழுந்தால் இரண்டு காலடி பின்னுக்கு. மறுபடி ஐந்து. ஒன்று தப்பினாலும் அந்த இடம் உன் இடமில்லை, முன்னுக்கு வா. நாலு கிழமையில் நான் இருபது காலடிக்குப் போனேன். வலு புழுகம் எனக்கு, கால் தரையில் படவில்லை.

"காட்டில் உனக்குப் பதினைந்து," என்றான் அவன்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இருபதில் ஐந்துக்கு ஐந்து விழுகிறதே, பிறகென்ன பதினைந்து? அவன் விரலை மடக்கி எண்ணினான். தடித்த கோட்டுப் போட்டிருப்பாய். விரல் விறைத்திருக்கும். மரத்தில் இருந்து கீழே பார்த்து விடவேண்டும். நெஞ்சு அடிக்கும், நீ நினைப்பதைவிட மோசமாக அடிக்கும். மூடி அசையாது, மான் அசையும். தான் நாற்பதில் மூடியை அடிப்பவன், காட்டில் இருபத்தைந்துக்கு மேல் நாணைத் தொடுவதில்லை என்றான். சந்தேகம் வந்தால் அது உன் தூரமில்லை. அத்தான் இமை என்று சொன்னதும் இவன் மூடி என்று சொன்னதும் ஒன்றுதான். இரண்டு நல்ல வேட்டைக்காரர்கள் ஒரே புத்தியைச் சொன்னார்கள், கேட்டவன் ஒரு மடையன்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு கூத்து நடந்தது. எங்கள் ஆட்களுக்கு இறைச்சி என்றால் பங்குதான். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கிடாய் அடித்துப் பங்கு போடுவது வழக்கம். ஆனால் அங்கே கிடாய் கட்டையில் கட்டி நிற்கும். வாத்தியாரோ, கியூபெக் காட்டில் தன்பாட்டில் மேய்ந்துகொண்டிருந்த மானுக்குக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பங்கு எழுதினார். மொத்தம் பத்து. மேல்வீட்டுக் குடும்பங்கள் இரண்டு, அதில் பிள்ளைத்தாச்சிக்கு முழங்கால் எலும்பு. பின்தொடை ஒன்று கிரேக்கனுக்கு. முதல் வரியில் பெரிய எழுத்தில்: ஈரல், அத்தான்.

"ஒரு பங்கு மூலையிலை இருக்கிற டெப்பனர்க் கடைக்காரனுக்கும் எழுதுங்கோ சேர், பாவம்," என்று நான் நக்கலடித்தேன். அந்த மனிசன் எழுதிவிட்டார்.

சிரித்தோம். ஆனால் அந்தத் தாள் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிக் கிடந்தது, பால் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்தது. போகிற நாளுக்கு முதல்நாள் மட்டக்களப்பு அண்ணை மிளகாய், மல்லி, சீரகம் வறுக்கப் புகை மணி அலறியது, கீழ்வீட்டுக் கிழவி தும்புத்தடியால் முகட்டை இடித்தாள். அத்தான் சவரம் செய்தார். அந்த முகத்தின் எலும்புகளை அன்றைக்குத்தான் நான் முழுதாகக் கண்டேன்.

விடியப்புறம் போர்மன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். கிழக்கே இரண்டு மணித்தியால ஓட்டம். மேப்பிள் மரங்கள் இலை கொட்டி முடிக்கிற காலம், நிலமெல்லாம் சிவப்பு. ஒரு மரத்தில் எனக்குப் பலகைப் பரண் போட்டுத் தந்தான். அடிமரத்திலிருந்து நாலு பக்கமும் பதினைந்து காலடி நடந்து, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கிளையில் செம்மஞ்சள் நாடா கட்டினான். நாடாவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மான் மானே இல்லை என்றான். பிறகு மேட்டுக்கு அப்பால் தன்னுடைய மரத்துக்குப் போனான்.

குளிர் எலும்பைத் தின்றது. இரண்டு மணித்தியாலம் ஒரு அணிலைத் தவிர ஒன்றும் வரவில்லை. மழைக்கு வானம் இருண்டுகொண்டு வந்தது. அப்போது ஒரு பெட்டை மான் வந்தது. எந்தச் சத்தமும் இல்லை, ஒரு நிமிசத்துக்கு முன்னம் வெறும் மரம், இப்போது மான். நாடாவுக்கு நல்ல தூரம் அப்பால், பக்கவாட்டில் நின்று எதையோ கொறித்தது.

நான் காத்திருந்தேன். ஆண்டவனறிய நான் காத்திருந்தேன். வா, பத்துக் காலடி வா என்று மனத்துக்குள் கூப்பிட்டேன். இமையைத் தேடினேன். கண் ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் தெரிந்தது. அது தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது, போகப் போகிறது என்று விளங்கியது. வெறுங்கையோடு படியேறுவதை நினைத்தேன். சவரம் செய்த அந்த முகத்தை நினைத்தேன். இன்றைக்கு இல்லையென்றால் இந்த மனிசன் செத்துப்போவார் என்று என் மூளை கத்தியது. நாணை இழுத்ததும் தெரியாது, விட்டதும் தெரியாது.

நாண் அடித்த சத்தத்துக்கு மான் துள்ளித் திரும்பியது. அம்பு நெஞ்சில் படவில்லை. பின்னுக்கு, வயிற்றில் பட்டது. அது முதுகைக் கூனிக்கொண்டு ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது. விழவில்லை.

போர்மன் வந்து அம்பைத் தேடி எடுத்தான். அது மானுக்கூடாகப் போய் அப்பால் மண்ணில் குத்தி நின்றது. மூக்குக்குக் கிட்டப் பிடித்துவிட்டு என்னிடம் நீட்டினான். குடல் நாற்றம். எவ்வளவு தூரம் என்று கேட்டான். பதினைந்து என்றேன். அவன் மான் நின்ற இடத்திலிருந்து என் மரத்தடிக்கு நடந்தான். இலைகள் நொறுங்க ஒவ்வொரு காலடியாக எண்ணினான். முப்பத்தொன்று. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கன்னத்தில் அறைந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

வயிற்றில் பட்டதை உடனே தொடரக்கூடாதாம். ஒரு பற்றைக்குள் படுக்கும், கலைத்தால் எழும்பி மைல்கணக்கில் போகும். மத்தியானம் கழியும்வரை குந்தியிருந்தோம். பிறகு நாலு காலில் தேடினோம். சிவந்த இலைகளில் இரத்தத்தை எப்படிக் காண்பது? ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்தோம், ஈரம் விரலில் ஒட்டினால் இரத்தம். இப்படி ஒரு முந்நூறு காலடி போயிருப்போம். அது படுத்து எழும்பிய குழி ஒன்று கிடைத்தது, இளஞ்சூடாக இருந்ததாக எனக்குப் பட்டது. ஒரு ஓடைக்கரைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த இலையைத் தொட்டாலும் ஈரம்.

அப்போதும் நான் விடவில்லை. "தப்பிவிடும், என்ன?" என்று கேட்டேன். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். சாக இரண்டு நாள், சிலவேளை மூன்று என்றான். நான் சொன்ன தூரம் உன்னுடைய பெருமைக்கு இல்லை, அந்த மானுக்காகத்தான் என்று ஓடைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினான். அந்த நேரம் எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. தள்ளிவிட்டேன்.

மழையோடேயே திரும்பினோம். மாலை ஏழு மணிபோல வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். வில்லைத் தா என்று கை நீட்டினான், கொடுத்தேன்.

கதவைத் திறந்ததும் தேங்காய்ப்பால் வாசனை. பெரிய சட்டி அடுப்பில், வெட்டிய வெங்காயம் ஒரு குவியல், நிலத்தில் பேப்பர் விரித்து அதன்மேல் பலகையும் கத்தியும். வாத்தியார் கலண்டர் தாளைக் கையில் வைத்திருந்தார். அத்தான் தலை தோய்ந்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, மேசையில் இருந்தார்.

"மெய்யே, எங்கை மான்? காரிலையோ? எத்தினை பேர் வரோணும் தூக்க?" என்றார் வாத்தியார்.

நான் கோட்டைக் கழற்றாமல் நின்றேன். மழைத்தண்ணீர் நிலத்தில் சொட்டியது.

"பட்டது. ஓடிப்போட்டுது," என்றேன்.

"அட கோதாரி!" வாத்தியாருக்குச் சிரிப்பு. "பதினொரு பங்கும் ஓடிட்டுதோ!"

அத்தான் சிரிக்கவில்லை. முன்னுக்குச் சரிந்து இருந்தார். அந்த வீட்டில் வேட்டை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"இமை தெரிஞ்சதோ?"

"இல்லை அத்தான்."

"எங்கை பட்டது?"

"வயித்திலை."

"விழேல்லையோ?"

"இல்லை. ஓடினது."

"இரத்தம்?"

"கொஞ்சத் தூரம் இருந்தது. ஒரு ஓடை வரைக்கும். பேந்து இல்லை."

"உடம்பு?"

"கிடைக்கேல்லை."

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. ஆவணியில் வாசித்த கடிதத்தை மறுபடி வரிக்கு வரி வாசித்திருக்கிறேன், அதே வாயால், அதே மனிசனுக்கு. மட்டக்களப்பு அண்ணை அடுப்பைத் தணித்தார். வாத்தியாரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்ப அது இருக்கும், என்ன?" என்று கேட்டார் அத்தான்.

அவர் குத்திக் கேட்கவில்லை. கோபமும் இல்லை. சத்தியமாக என்னிடம்தான் கேட்டார், ஒரு பதில் வேண்டிக் கேட்டார். ஓம் அத்தான், தப்பியிருக்கும் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எதற்கும் முந்துகிற என் வாய் அன்றைக்குப் பிளந்தபடி நின்றது. அம்பின் நாற்றம் இன்னும் என் மூக்கில் இருந்தது. இரண்டு நாள், சிலவேளை மூன்று. அக்காவைத் தேடிப் போனதும் இரண்டு நாள் கழித்துத்தான்.

அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினார், ஏதோ ஒரு கணக்குச் சரிவந்த மாதிரி.

"சோறு இருக்கோ?" என்று மட்டக்களப்பு அண்ணையைக் கேட்டார்.

சோறும் பருப்பும் இருந்தன. கோப்பையில் போட்டுக் கொடுத்தார். அத்தான் குழைத்துச் சாப்பிட்டார். ஆறுதலாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். செத்தவீட்டில், சுடலையால் வந்து தோய்ந்துவிட்டு ஆம்பிளைகள் சாப்பிடுவார்களே, அப்படி. முடித்துவிட்டுக் கோப்பையை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

"சாப்பிடுறார், பாத்தியே!" வாத்தியார் என் காதுக்குள் சொன்னார். அவருக்கு உண்மையாகவே சந்தோசம். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு அழுதேன். இரண்டரை மாதமாக நான் கேட்டது அதுதான். அந்த மனிசன் ஒரு நேரம் சாப்பிடவேண்டும் என்று கேட்டேன், சாப்பிட்டார். என் அக்காவை நான்தான் என் வாயால் அன்றைக்குக் காட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை போர்மனின் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு வேலைக்குப் போகவில்லை. பதினொரு மணிக்குக் கீழே தகரப் பெட்டிகளின் சத்தம் கேட்டது. அத்தான் சன்னலடியில் இருந்து பாணுக்கு முட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். செருப்பு கதவடியில் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் இறங்கிப் போனேன். பெட்டிக்குள் மளிகைக்கடை விளம்பரத் தாள் ஒன்று கிடந்தது.